கிளட்ச் பெடல் மட்டும் போதாது: பழைய அமெரிக்கப் பெரிய கார்களில் மேனுவல் கியரைத் தேடுவோருக்கு

1965ஆம் ஆண்டில் செவர்லே நிறுவனம் இம்பாலா என்ற ஒரே பெயரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான கார்களை விற்றது. பதினேழே முக்கால் அடி நீளம். முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். டிக்கியில் ஒரு குடும்பத்தின் ஒரு வாரத்து மூட்டை முடிச்சுகளை அடுக்கலாம். அமெரிக்கர்கள் முழு அளவுக் கார் என்று சொல்வது இதைத்தான். இந்தப் பெருங்கூட்டத்துக்குள், ஆலையிலிருந்தே கிளட்ச் பெடலோடு வெளிவந்து இன்றும் அப்படியே இருக்கும் கார்களைத் தேடும் சிலரில் நானும் ஒருவன். ஓஹாயோவில் இருந்துகொண்டு ஏழு ஆண்டுகளாகத் தேடுகிறேன். நேரில் போய்ப் பார்த்தவை முப்பதுக்கு மேல், வாங்கியது ஒன்று. புதிதாகத் தேட வருபவர்களுக்காக, அந்த முப்பது கார்களும் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எழுதுகிறேன்.

ஏன் அரிது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்று தெரியும்

அந்தக் காலத்து விலைப் பட்டியலைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பெரும்பாலான முழு அளவு செவர்லே, ஃபோர்டு, பிளிமத் கார்களின் அடிப்படை விலையில் கிடைத்தது மூன்று கியர் மேனுவல்தான். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும். ஆனாலும் மக்கள் கட்டினார்கள். ஓல்ட்ஸ்மொபைல் 1940 மாடலில் ஹைட்ரமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியரைக் கொண்டுவந்தது. 1950இல் செவர்லேயின் ஆட்டோமேட்டிக்கான பவர்கிளைடு வந்தது. அதன்பின் பெரிய கார் வாங்கும் குடும்பங்கள் கிளட்ச்சை மறக்கத் தொடங்கின. 1960களின் நடுவில் பெரிய காரில் மேனுவல் கேட்டவர்கள் இரண்டே வகையினர்.

முதல் வகையினர் ஒவ்வொரு டாலரையும் எண்ணிச் செலவழித்தவர்கள்: விவசாயிகள், அரசு அலுவலகங்கள், விற்பனைப் பிரதிநிதிகளுக்கு மொத்தமாகக் கார் வாங்கிய நிறுவனங்கள். அவர்கள் வாங்கியவை செவர்லே பிஸ்கேன், ஃபோர்டு கஸ்டம், பிளிமத் ஃப்யூரி ஒன் போன்ற அலங்காரம் இல்லாத மாடல்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின், ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டிய மூன்று கியர்.

இரண்டாம் வகையினர் வேகப் பிரியர்கள். 1961 முதல் 1963 வரை அமெரிக்கப் பந்தயத் தடங்களை ஆண்டவை இந்தப் பெரிய கார்கள்தான் என்பது இன்று பலருக்கும் தெரியாது. 409 கன அங்குல எஞ்சினுடன் இம்பாலா, 406 எஞ்சினும் பிறகு 427 எஞ்சினும் தாங்கிய ஃபோர்டு கேலக்ஸி, 421 எஞ்சினுடன் போன்டியாக் கேட்டலினா. எல்லாவற்றிலும் தரையிலிருந்து எழும் நான்கு கியர் லீவர் கிடைத்தது. 1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் பந்தயங்களுக்குத் தரும் ஆதரவை நிறுத்தியது. அடுத்த மாடல் ஆண்டிலேயே போன்டியாக் தன் 389 எஞ்சினை நடுத்தர அளவுக் காரில் பொருத்தி ஜிடிஓ என்று விற்றது. இளைஞர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பெரிய காரில் நான்கு கியர் அதன் பிறகும் சில ஆண்டுகள் விலைப் பட்டியலில் இருந்தது. கேட்டு வாங்க ஆள்தான் குறைந்தது.

ஆகவே 1964க்குப் பிந்தைய நான்கு கியர் பெரிய கார்தான் உண்மையில் அபூர்வம். 427 எஞ்சினுடன் வந்த 1969 இம்பாலா எஸ்எஸ் மொத்தமே 2,455. அதிலும் பெரும்பங்கு ஆட்டோமேட்டிக்.

எதைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

நான்கு கியர் என்றால் 1961 முதல் 1969 வரையிலான இம்பாலா, 1960களின் கேலக்ஸி 500 எக்ஸ்எல், 1966 கேலக்ஸி 7 லிட்டர், 1964 முதல் 1967 வரை வந்த போன்டியாக் 2+2, பியூக் வைல்டுகேட், ஃப்யூரி, கிறைஸ்லர் 300 வரிசை ஆகியவற்றைப் பார்க்கலாம். 7 லிட்டர் கேலக்ஸி பதினோராயிரத்துச் சொச்சம் மட்டுமே உருவானது. 428 எஞ்சினோடு ஆட்டோமேட்டிக்கா நான்கு கியரா என்பது வாங்குபவரின் விருப்பம். 1960 கிறைஸ்லர் 300எஃப் காரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றுக்கு பிரான்ஸ் நாட்டின் பான்ட்-அ-மூசோன் நான்கு கியர் பெட்டி பொருத்தப்பட்டது. அதைத் தேடிப் புறப்பட வேண்டாம். ஒன்று கிடைத்தாலும் அந்தப் பெட்டிக்கு உதிரிப்பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

புதியவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது மூன்று கியர் கார்தான். அந்தக் காலத்து அம்பாசிடரை ஓட்டியவர்களுக்கு ஸ்டீயரிங்கை ஒட்டிய கை கியர் புதிதல்ல. அதே சுகம் இதில் உண்டு, கியர் ஒன்று குறைவு, அவ்வளவுதான். விலை நான்கு கியர் காருக்குப் பக்கத்திலேயே வராது. போலிகளும் மிகக் குறைவு, ஏனென்றால் ஆறு சிலிண்டர் பிஸ்கேனில் மூன்று கியரைப் பொய்யாகப் பொருத்தி யாருக்கும் லாபம் இல்லை.

எங்கே தேடுவது

ஹெம்மிங்ஸ் மோட்டார் நியூஸ் 1954 முதல் பழைய கார் விளம்பரங்களுக்கென்றே வரும் இதழ், அதிலிருந்து தொடங்குங்கள். ஆனால் நல்ல விலையில் கிடைக்கும் கார்கள், கார் பற்றி எதுவும் தெரியாத வாரிசுகள் போடும் உள்ளூர் விளம்பரங்களில்தான் ஒளிந்திருக்கும். 'தாத்தாவின் பழைய செவர்லே, நான்கு கதவு' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். கியரைப் பற்றி ஒரு சொல் இருக்காது. படங்களைப் பெரிதாக்கி பிரேக் பெடலைப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் காரின் பிரேக் பெடல் இரண்டு கால்களையும் வைக்கும் அளவுக்கு அகலமாக இருக்கும்; மேனுவலில் சின்னச் சதுரமாக இருக்கும். என் காரை நான் கண்டுபிடித்தது இப்படித்தான். இருட்டில் எடுத்த மங்கலான படத்தில், கிழிந்த தரைவிரிப்புக்கு மேலே குட்டியாக ஒரு ரப்பர் பெடல் தெரிந்தது. கிளட்ச் பெடல் அந்தப் படத்திலேயே இல்லை.

பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷியில் அக்டோபரில் கூடும் சந்தை, அதே மாநிலத்தின் கார்லைல், ஜூலையில் விஸ்கான்சின் மாநிலத்தின் அயோலா ஆகிய மூன்றுக்கும் ஒரு முறையாவது போய் வாருங்கள். அங்கே கார் வாங்குவதைவிட மனிதர்களைச் சந்திப்பது முக்கியம். பழைய உதிரிப்பாகம் விற்கும் பெரியவர் ஒருவரிடம் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று சொல்லி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு ஆண்டு கழித்துக்கூட அழைப்பு வரும். மாடலுக்கான கிளப்புகளில் சேருங்கள். இம்பாலா, கேலக்ஸி, போன்டியாக், கிறைஸ்லர் 300 எல்லாவற்றுக்கும் கிளப் உண்டு. உறுப்பினர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் கார்கள் விளம்பரத்துக்கே வருவதில்லை.

திசையும் முக்கியம். மிச்சிகன், ஓஹாயோ, நியூயார்க் போன்ற மாநிலங்களில் குளிர்காலச் சாலைகளில் உப்பைக் கொட்டுவார்கள். அந்தக் கார்களின் சேசிஸ் சட்டம் மேலே பளபளப்பும் உள்ளே துருவுமாக இருக்கும். அரிசோனா, நியூ மெக்சிகோ போன்ற வறண்ட இடங்களில் இருக்கைத் துணி வெயிலில் பொரிந்து போயிருந்தாலும் இரும்பு பத்திரமாக இருக்கும். துணியை மாற்றிக்கொள்ளலாம்.

காகிதங்கள்: நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு

போன்டியாக் தேடுபவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1961 முதலான கார்களின் ஆலை விலைச்சீட்டுகள் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற இடத்தில் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. வின் எண்ணை, அதாவது நாம் சேசிஸ் எண் என்று சொல்வதை, அனுப்பிக் கட்டணம் கட்டினால் நகல் வரும். நான்கு கியர் என்று அதில் இல்லாவிட்டால் அந்தக் கார் அப்படிப் பிறக்கவில்லை.

ஃபோர்டுக்கு 1967 முதல் மார்ட்டி அறிக்கை உண்டு. ஆலையின் கணினிப் பதிவுகளிலிருந்தே தருகிறார்கள். அதற்கு முந்தைய கேலக்ஸிக்கு ஓட்டுநர் கதவில் இருக்கும் தகட்டைப் பாருங்கள். 1964 முதல் 1966 வரை கியர்பெட்டிக்கான கட்டத்தில் 5 என்று இருந்தால் நான்கு கியர். கதவையே மாற்றிவிட முடியும் என்பதால் தகட்டில் உள்ள எண்ணும் காரின் மற்ற இடங்களில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும்.

கிறைஸ்லர் குழுமத்தின் 1967 வரையிலான கார்களுக்குத் தயாரிப்பு அட்டைகள் இருக்கின்றன.

செவர்லேதான் சோதனை. அமெரிக்காவில் விற்ற 1960களின் செவர்லே கார்களுக்கு ஒவ்வொரு காராகப் பதிவு கிடைக்காது. வின் எண்ணும் கியரைச் சொல்லாது. 1966 இம்பாலா எஸ்எஸ் ஒன்றின் எண் 16837 என்று தொடங்கினால், 1 செவர்லே, 68 வி8 எஞ்சினுள்ள இம்பாலா எஸ்எஸ், 37 இரண்டு கதவு, இவ்வளவுதான் தெரியும். எனவே இரண்டு பொருள்களைத் தேட வேண்டும். ஒன்று, 1965 முதல் 1972 வரை உத்தரவாதப் புத்தகத்தில் பதித்துத் தந்த புரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சிறு உலோகத் தகடு. எஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சு மூன்றின் குறிகளும் அதில் அச்சாகியிருக்கும். மற்றொன்று, தயாரிப்பு வரிசையில் தொழிலாளர்கள் பார்த்து வேலை செய்த பில்டு ஷீட். வேலை முடிந்ததும் அதைப் பின்னிருக்கைச் சுருள்களுக்கு இடையிலோ பெட்ரோல் தொட்டியின் மேலோ விட்டுவிடுவார்கள். இருக்கையைக் கழற்றிப் பார்க்க விற்பவரிடம் மரியாதையாக அனுமதி கேளுங்கள். எலி கடித்த துண்டு கிடைத்தாலும் பொன் போல எடுத்து வையுங்கள்.

காருக்கு அடியில் படுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஆட்டோமேட்டிக் காரை நான்கு கியராக மாற்றுவது கடினமான வேலையல்ல. உதிரிப்பாகங்கள் எல்லாம் விற்பனைக்கு இருக்கின்றன. மாற்றிய கார் கெட்ட கார் என்று நான் சொல்லவில்லை. அதை ஆலை நான்கு கியர் என்று சொல்லி, ஆலை நான்கு கியர் விலைக்கு விற்பதுதான் தவறு. என் முதல் ஆண்டில் படங்களை மட்டும் நம்பி முன்பணம் அனுப்பினேன். நேரில் போய் டார்ச்சோடு அடியில் படுத்தபோது, கியர் லீவருக்காகத் தரையில் வெட்டிய ஓட்டையின் ஓரம் ரம்பம் போல இருந்தது. அதன்மேல் தகரத்தை வைத்து ரிவெட் அடித்து, கறுப்புத் தாரைப் பூசியிருந்தார்கள். தாரை நகத்தால் சுரண்டினால் உள்ளே புது இரும்பின் வெள்ளை மினுங்கியது. முன்பணம் திரும்பி வரவில்லை.

பல மாடல்களில் நான்கு கியர் காரின் தரைமேடு, அதாவது கியர்பெட்டிக்கு மேலே தரை எழும்பியிருக்கும் பகுதி, ஆலையிலேயே பற்றவைத்தது. புள்ளிப் பற்றுகள் சீரான இடைவெளியில் இருக்கும். சுற்றியுள்ள தரையின் அதே பழைய பெயிண்ட், அதே பழைய மெழுகுப்பூச்சு மேட்டின் மேலும் இருக்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு கிளட்ச் பெடலிலிருந்து தண்டு வரும் வழியைத் தொடருங்கள். பெடலின் அசைவைக் கிளட்ச் வரை கொண்டுபோகும் குறுக்குத் தண்டை இசட் பார் என்பார்கள். அதன் ஒரு முனை எஞ்சினில் திருகிய ஒரு குண்டில் உட்காரும், மறுமுனை சேசிஸ் சட்டத்தில் உள்ள தாங்கியில். அந்தத் தாங்கி சட்டத்தின் அதே வயதுடையதாகத் தெரிகிறதா, போல்ட்டுகள் மட்டும் புதிதா, எஞ்சின் அறையைப் பிரிக்கும் தடுப்பான பயர்வாலில் தண்டு வரும் ஓட்டை ஆலை அச்சில் வெட்டியதுபோல் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டீயரிங் தண்டையும் தடவிப் பாருங்கள். தரை லீவர் உள்ள காரின் தண்டு வழுவழுப்பாக இருக்கும். ஆட்டோமேட்டிக்காகப் பிறந்த காரில் கியர்க் கம்பி இருந்த இடத்தில் அடைப்பு இருக்கும், இல்லையென்றால் ஒரு வளையம் மாட்டியிருப்பார்கள். ரேடியேட்டரின் தொட்டியில் ஆட்டோமேட்டிக் எண்ணெயைக் குளிரூட்டும் குழாய்களுக்கான இரண்டு வாய்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உடனே முடிவு கட்ட வேண்டாம். பிற்காலத்தில் மாற்றிய ரேடியேட்டர்கள் பலவற்றிலும் அவை உண்டு. ஆனால் சேசிஸ் சட்டத்தை ஒட்டி அந்தக் குழாய்களைப் பிடித்திருந்த கிளிப்புகள் மிச்சம் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. கியர்பெட்டியின் முன்தண்டு நுனி கிராங்க் தண்டின் பின்முனையில் ஒரு வெண்கலப் புஷ்ஷில் சுழலும். ஆட்டோமேட்டிக்குக்கென்று வார்த்த சில கிராங்க் தண்டுகளில் அந்த ஓட்டையை முழு அளவுக்குக் கடைந்திருக்க மாட்டார்கள். மாற்றியவர்கள் தண்டின் நுனியை அறுத்துப் பொருத்தியிருந்தால் கிளட்ச்சை விடும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும்.

கியர்பெட்டியில் உள்ள எண்கள்

1963 முதல் 1974 வரை ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அதிகம் பொருத்தியது மன்சி நான்கு கியர். அதற்கு முன் போர்க்-வார்னர் டி-10. மன்சியில் எம்20 கியர் விகிதங்களுக்கு இடையே அகல இடைவெளி உள்ளது, எம்21 நெருங்கிய இடைவெளி உள்ளது, எம்22 பந்தயத்துக்கானது. எம்22இன் பற்களின் சாய்வு மற்றவற்றைவிடக் குறைவு என்பதால் எப்போதும் உறுமும். ராக் கிரஷர் என்ற செல்லப்பெயர் அந்தச் சத்தத்தால் வந்தது. இரண்டு டன்னை நெருங்கும் காருக்கு எம்20தான் பொருத்தம், முதல் கியர் இழுவை அதில் அதிகம். எல்லோரும் எம்22 என்று மயங்குகிறார்கள். நகரத்துச் சிக்னல்களில் எம்20 தரும் நிம்மதியை அது தராது.

மன்சி பெட்டியின் பக்கவாட்டில் 'P' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் தேதிக் குறி இருக்கும். அந்தத் தேதி கார் தயாரான தேதிக்குச் சில வாரங்கள் முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தியதாக இருந்தால் அது அந்தக் காரின் பெட்டி அல்ல. 1960களின் பிற்பகுதியில் வின் எண்ணின் ஒரு பகுதியையும் பெட்டியில் குத்தியிருப்பார்கள். துணியில் மண்ணெண்ணெய் நனைத்து மெதுவாகத் துடையுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம், எழுத்து மழுங்கிவிடும். ஃபோர்டின் நான்கு கியர் பெட்டியான டாப்லோடரில் ஆர்.யு.ஜி. (RUG) என்று தொடங்கும் சிறு தகடு ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும். தகட்டைக் கழற்றி மாட்ட ஒரு நிமிடம் போதும் என்பதால் அதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

எஞ்சின் ஆறியிருக்கும்போது தொடங்கி, சூடான பிறகும் ஓட்டுங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பல் உரசினால், கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. அது செலவு, ஆனால் சரிசெய்யக்கூடியது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாகக் கழன்றால் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். பழைய மூன்று கியர் பெட்டிகளில் முதல் கியருக்குச் சிங்க்ரோ இல்லை. கார் முழுதாக நின்ற பிறகே முதல் கியர் போடுங்கள். அதை வண்டியின் குறை என்று விற்பவரிடம் பேரம் பேச வேண்டாம்.

கை கியரில் முதலிலிருந்து இரண்டுக்குப் போகும் நடுவில் கம்பி சிக்கிக்கொள்ளலாம். பயப்பட வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள இரண்டு கைகளையும் ஒரே நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்தால் விடுபடும். அம்பாசிடர் ஓட்டுநர்கள் சாலையோரத்தில் செய்த அதே வேலைதான். அங்குள்ள புஷ்களை மாற்றிவிட்டால் மறுபடி சிக்காது.

பணம் கொடுக்கும் முன்

உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்திரத்தில் உள்ள எண்ணும் காரின் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 1968 முதல் அந்தத் தகடு முன்கண்ணாடி வழியே தெரியும். 1965 முதல் 1967 வரையிலான செவர்லேயில் ஓட்டுநர் கதவுக் கீல் தூணில் இருக்கும். செவர்லேயில் அதன் ரிவெட்டுகள் பெரும்பாலும் பூவிதழ் வடிவில் இருக்கும். சாதாரண வட்ட ரிவெட் இருந்தால், அது ஆலையில் அடித்ததுதான் என்று கிளப்பில் கேட்டு உறுதியாகும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு அழகான காராக இருந்தாலும் சரி.

நான் கடைசியில் வாங்கியது 1966 பிஸ்கேன். ஆறு சிலிண்டர், கை கியர், வெளிர் பச்சை, ரேடியோகூடக் கிடையாது. வாங்கிய வாரமே மூன்று பேர் வந்து, மூன்று கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு நான்கு கியர் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் சொல்லுங்கள் என்பது என் வேண்டுகோள். இந்த வகைக் கார்களை யாரும் பாதுகாக்க நினைக்காததால்தான் அவை குப்பைமேட்டுக்குப் போயின. தேய்ந்த பெடல் ரப்பரையும் மாற்றிய புஷ்களையும் ஒரு டப்பாவில் போட்டு, தேதி எழுதி, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பின்னிருக்கைக்கு அடியில் கிடைத்த பில்டு ஷீட்டின் பாதியை நகலெடுத்துக்கொண்டு, அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அதே சுருள்களுக்கு இடையில் திரும்ப வைத்துவிட்டேன். அடுத்து இந்தக் காரின் இருக்கையைக் கழற்றிப் பார்ப்பவருக்கு அது அங்கேயே கிடைக்க வேண்டும்.